மொட்டைக் கடிதத்தின் மறுபிறவி

தென்பெண்ணைக் கரையிலுள்ள நம் மணலூர்பேட்டைக்கு மொட்டைக் கடிதம் புதிதன்று. முன்னர் அதனைப் படித்தவர் ஒருவர் அல்லது ஓரில்லத்தார். இன்றோ அது கைப்பேசியில் ஏறி, ஒரே இரவில் நாடு முழுவதும் வாசிக்கப்படுகிறது.

2022 ஜனவரி முதல் நாளன்று ‘புல்லி பாய்’ என்னும் செயலி, முஸ்லிம் பெண்கள் பலரின் படங்களை ஏலப்பொருள்போல் காட்டியது. பெண் இதழாளர்களே அவருள் பலர். 2021 ஜூலையில் ‘சுல்லி டீல்ஸ்’ செய்ததும் இதுவே. கைதானோருள் பொறியியல் மாணவர் இருந்தனர். பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தியும் இருந்தாள். நம் வகுப்பறை வயது! இதுவே என் நெஞ்சை உறுத்துகிறது.

“கண்டும் காணாதிரு” என்பர் பெரியோர். அவர்தம் கருத்துக்கு உடன்பட இயலவில்லை. முதற்செயலிக்காக 2021இல் எவரும் கைதாகவில்லை. இரண்டாவது தோன்றிய பின்னரே பிடிபட்டனர். மௌனம் யாருக்குத் துணைநின்றது?

வசைக்கு வசை எழுதுதல் வீண். வந்ததை அழியாது படமெடுத்து வைத்து, நாளும் நேரமும் குறித்து, சைபர் குற்றப் பிரிவில் புகார் அளித்தல் வேண்டும். பெயர் மறைத்து மிரட்டுவோர்க்குக் கூடுதல் தண்டனையை 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டமே வகுத்திருந்தது. இன்றைய நியாய சன்ஹிதாவும் அதனை விடவில்லை.

மாணவத் தம்பியரே, உங்கள் குழுவில் இத்தகைய படம் வந்தபோது சிரித்தவர் எத்தனை பேர்?