மூளைக்குள் ஒரு கணக்குப்பிள்ளை

ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் ரயில் பாதையில், திருப்பத்தூரைத் தாண்டியதும் சாமல்பட்டி என்றொரு ஸ்டேஷன் வருகிறது. கிருஷ்ணகிரி மாவட்டம், ஊத்தங்கரைப் பகுதியைச் சேர்ந்த ஊர். அங்கிருந்து ராயக்கோட்டை, ஓசூர் வரை எந்த விவசாயியிடம் வேண்டுமானாலும் பேசிப் பாருங்கள். "போன தடவை நல்ல விலை. அதை நம்பிப் போட்டேன். போட்ட முதல் கூட வரவில்லை" என்ற கதை ஒன்று அவரிடம் இருக்கும். கேட்டுக் கொண்டிருப்பவர்கள் "பேராசை!" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புக் கூறிவிட்டு எழுந்து போவார்கள்.

அந்தத் தீர்ப்பு நியாயமானதல்ல. ஏன் என்பதற்கு விடை குரங்கின் மூளையில் இருக்கிறது!

சுவிட்சர்லாந்தில் ஃப்ரிபூர்க் சர்வகலாசாலையில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஜெர்மானிய நிபுணர் 1980-களிலும் 90-களிலும் குரங்குகளை வைத்துச் சில சோதனைகள் செய்தார். மூளையின் நடுப்பாகத்தில், 'டோபமைன்' என்னும் ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றின் துடிப்பை மயிரிழை போன்ற கம்பி கொண்டு அளந்தார். குரங்கின் வாயில் திடீரென்று ஒரு சொட்டுப் பழரசம் விழுந்ததும் அந்த அணுக்கள் படபடவென்று துடித்தன. இதில் அதிசயம் இல்லை. பிறகு, ரசம் தருவதற்குச் சற்று முன்னால் ஒரு விளக்கு எரியும்படி செய்தார். சில நாட்களில் குரங்கு விஷயத்தைப் புரிந்து கொண்டது. அப்புறம் விளக்கு எரிந்தவுடனேயே துடிப்பு வந்துவிட்டது. ரசம் வந்தபோது ஒன்றுமே இல்லை! ஒரு நாள் விளக்கை மட்டும் எரியவிட்டு, ரசத்தை நிறுத்திவிட்டார். ரசம் வந்திருக்க வேண்டிய அதே கணத்தில், வழக்கமாக இருக்கும் துடிப்பும் அடங்கிப் போயிற்று.

ஆக, மூளைக்குள் இருக்கும் கணக்குப்பிள்ளை இன்பத்தைக் குறித்துக் கொள்வதில்லை. எதிர்பார்த்தது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்று பார்த்து, வித்தியாசத்தை மட்டும் எழுதிக் கொள்கிறார். வரவு கூடினால் "மறுபடி செய்". குறைந்தால் "இனி வேண்டாம்". இந்தக் கணக்கின் சூத்திரத்தை 1997-ல் பீட்டர் தயான், ரீட் மாண்டகு என்ற இருவரோடு சேர்ந்து ஷுல்ட்ஸ் வெளியிட்டார். 2017-ல் மூளை ஆராய்ச்சிக்கான டென்மார்க் நாட்டுப் பரிசு ஷுல்ட்ஸ், தயான், ரே டோலன் ஆகிய மூவருக்கும் கிடைத்தது.

ஓசூர் ஆலைகளில் தீபாவளி போனஸ் சமயத்தில் இந்தச் சூத்திரத்தை நேரிலேயே காணலாம். போன வருஷத்துத் தொகையே வந்தால் முகத்தில் சலனமில்லை. ஓர் ஆயிரம் கூடினால் ஸ்வீட் பெட்டி. ஓர் ஆயிரம் குறைந்தால்? கேட் வாசலில் கூட்டம்! கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரு மனோதத்துவ நிபுணர்கள் 1979-லேயே சொல்லிவிட்டார்கள்: வந்த ரூபாயைவிடப் போன ரூபாய் கனமானது. பிற்பாடு செய்த கணக்கின்படி ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம்.

இந்த ரசாயனம் ஏறி இறங்கினால் பாடம் கற்கும் விதமே மாறிவிடும். நடுக்குவாத நோயாளிகளுக்கு டோபமைன் குறைவு. மருந்து சாப்பிடாதபோது அவர்கள் நஷ்டத்திலிருந்து நன்றாகப் பாடம் கற்கிறார்கள்; மருந்து சாப்பிட்டதும் லாபத்திலிருந்து நன்றாகக் கற்கிறார்கள். அமெரிக்காவில் மைக்கேல் ஃப்ராங்க் என்பவர் 2004-ல் கண்ட உண்மை இது. அந்த நோய்க்குத் தரும் சில மருந்துகளால், ஆயுளில் சீட்டையே தொட்டறியாத பெரியவர்கள் சூதாடிகளான விபரீதமும் உண்டு. நடத்தைக்கும் குணத்துக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்!

தக்காளி சொன்ன பாடம்

இனி நம் விவசாயிக்கு வருவோம். 2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சர்க்காரே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. சந்தையில் கூடையை இறக்கிய விவசாயியின் மூளையில் அன்று என்ன எழுதப்பட்டிருக்கும்? "மறுபடி செய்" என்றுதானே? அவர் நாற்று வாங்கி நட்டதில் தவறு ஏது? ஆனால் அதே வாரம், அதே வரி, ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் ஆயிரக்கணக்கானவர்களின் மூளையில் எழுதப்பட்டது. செப்டம்பரில் தென்னாட்டுச் சந்தைகளில் விலை மளமளவென்று சரிந்தது.

தனி ஒருவர் கற்றிருந்தால் சரியான பாடம். ஊரே கற்றதால் தப்பான பாடம். குரங்குக்கு இந்தத் தொல்லை இல்லை. பக்கத்துக் கூண்டுக் குரங்கு கற்றுக் கொள்வதால் அதன் ரசம் குறைந்து போவதில்லை. இது மூளையின் குற்றமல்ல. சந்தை என்கிற வாத்தியார், நாற்று நட்டு இரண்டு மாதத்துக்கு மேல் கழித்துத்தான் விடைத்தாளைத் திருத்தித் தருகிறார்!

தாமதமாக வரும் பலனை மூளை சரியாக முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. உடனுக்குடன் வரும் பலனை உடும்புப்பிடியாகப் பிடித்துக் கொள்கிறது. அதிலும் எப்போது வரும் என்று தெரியாமல் விட்டுவிட்டு வரும் பலன் இருக்கிறதே, அதற்குத்தான் ஈர்ப்பு அதிகம். சூதாட்டக்காரர்கள் ஷுல்ட்ஸைப் படிக்காமலே இதை அறிந்தவர்கள். ஒரே நம்பரில் பரிசு தவறிப் போனால், அது நஷ்டமாக இருந்தும், கிட்டத்தட்ட ஜெயித்ததாகவே மூளை கணக்கு எழுதிக் கொள்கிறது.

1968-ல் தமிழகத்தில் பரிசுச் சீட்டு வந்தபோது, "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று விளம்பரம் செய்தார்கள். அழகான வாசகம்தான். ஆனால் நஷ்டத்தை நஷ்டம் என்று எழுதவிடாமல் கணக்குப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கொண்ட வாசகம் அது. லாட்டரி 2003-ல் தடை செய்யப்பட்டது. பிறகு வந்த இணைய ரம்மி, சீட்டு விற்பவரையும் குலுக்கல் தேதியையும்கூடத் தேவையில்லாமல் செய்துவிட்டது. தமிழகச் சட்டசபை 2022-ல் தடை மசோதா நிறைவேற்றி, கவர்னர் திருப்பி அனுப்பி, 2023-ல் மீண்டும் நிறைவேற்றிச் சட்டமாக்கிற்று. ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று கூறி, அவற்றின் மீதிருந்த தடையைச் சென்னை ஹைகோர்ட் அந்த வருஷமே நீக்கியது. 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்து சட்டமியற்றியது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற இந்த வாதம் வக்கீல்களுக்குச் சரி. நிமிஷத்துக்கொரு முறை ஆசை காட்டி, அவ்வப்போது மட்டும் கொடுக்கும் ஆட்டத்தில் மூளை சிக்கிக் கொள்ளும். அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் ஒன்றுதான்.

ஓசூரில் ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும் இளைஞனிடம் செல்போன் இருக்கிறது. "ஆசைப்படாதே" என்று அவனுக்கும் உபதேசம், தக்காளிக்காரருக்கும் உபதேசம். இருவருக்கும் பயனில்லை. அவன் விஷயத்தில் சட்டம் விழித்திருக்க வேண்டும். விவசாயிக்கோ விளக்கு சீக்கிரம் எரிய வேண்டும். நாற்றுப் பண்ணைகளில் இந்த வாரம் விற்ற தக்காளி நாற்று எத்தனை லட்சம்? அந்த எண்ணைச் சந்தை வாசலில் கரும்பலகையில் எழுதிப் போட்டால் போதும். நடுவதற்கு முன்பே அவர் மூளை கணக்கைத் திருத்திக் கொள்ளும்.

மாம்பழத்துக்கு இது போதாது. ஒட்டுக் கன்று பலன் தரவே நாலைந்து வருஷம் ஆகிறது. 2025-ல் பெங்களூரா என்கிற கிளிமூக்கு மாங்காய், கிலோ 5 ரூபாய் அளவுக்கு வீழ்ந்தபோது கிருஷ்ணகிரி விவசாயிகள் கூழ் ஆலைகளைத்தான் நோக்கி நின்றார்கள். எவ்வளவு காய் எடுப்போம், என்ன விலை தருவோம் என்பதை ஆலைகள் காய் பறிக்கும் மாதத்தில் சொல்லாமல், மரம் பூக்கும் தை, மாசியிலேயே சொல்லும்படி சர்க்கார் செய்ய வேண்டும்.