புழுக்கைப் புராணம்

ஆராதனை வாரத்தில் திருவையாற்றில் இருந்துகொண்டு ஆராதனையைப் பற்றி எழுதாமல் தப்பிக்க முடியுமா? எழுதத்தான் உட்கார்ந்தேன். 1847-இல் தியாகராஜர் மறைந்த புஷ்ய பகுள பஞ்சமி, காவிரிக் கரைப் பந்தல், ஊர்கூடிப் பஞ்சரத்னம் பாடுவது, யார் முன்வரிசையில் உட்கார்ந்தார் யாரைப் பின்னால் தள்ளினார்கள் என்கிற வருஷாந்திர வம்பு, எல்லாம் கைவசம் இருந்தது. வம்பு இந்த வருஷமும் குறைவில்லை. ஆனால் காலையில் கைப்பேசிக்கு வந்த காணொளி ஒன்று என் வாரத்தையே கெடுத்துவிட்டது.

தாயில்லாத ஆட்டுக்குட்டியை மடியில் மல்லாத்திப் போட்டுப் புட்டிப்பால் ஊட்டுகிறார் ஒரு புண்ணியவான். பின்னணியில் தாலாட்டு வேறு. பார்த்தவர்களெல்லாம் இதயம் இதயமாகப் போட்டுத் தள்ளியிருந்தார்கள். குட்டியின் வயிறு மத்தளமாக உப்பியிருந்தது ஒருவர் கண்ணிலும் படவில்லை. போதாக்குறைக்கு, 'செல்ல வெள்ளாட்டுக்குட்டி' என்று தலைப்பு. ஐயா, அது செம்மறி. வால் தொங்குகிறது பாருங்கள். வெள்ளாட்டுக்கு வால் மேலே தூக்கி நிற்கும். இந்தப் பல்லவியை நிறுத்தச் சொல்லி முன்பு கடிதம் போட்ட கும்பகோணத்து வாசகர் பொறுத்துக்கொள்ளட்டும். நிறுத்துவதாக உத்தேசம் இல்லை.

கோபத்துக்குக் காரணம், எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு குட்டி வளர்கிறது. பின்பக்கத்து வயலில் முன்பட்ட சம்பா அறுப்பு முடிந்து ஆட்டுக்கிடை போட்டிருக்கிறார்கள். ராமநாதபுரம் சீமையிலிருந்து நடந்தே வரும் கீதாரிகள். ராத்திரியில் மந்தையை வயலில் அடைத்தால் மண்ணுக்கு உரம், அவர்களுக்குக் கூலி. வந்த இடத்தில் ஒரு தாயாடு குட்டி போட்டதும் செத்துப்போனது. வயல் மாறிப் போகிற மந்தையோடு பால்குட்டி நடக்காது. எதிர்வீட்டில் பத்தாவது படிக்கிற பெண் கேட்டாள் என்று கொடுத்துவிட்டார் கீதாரிப் பெரியவர்.

கொடுத்ததோடு விடவில்லை. சாயங்காலமானால் வந்துவிடுகிறார். வருகிறவர் குட்டியின் முகத்தைப் பார்ப்பதில்லை. "வாலைத் தூக்கு ஆத்தா" என்பதுதான் முதல் பேச்சு.

பிறந்த அன்றைக்குக் கரும்பச்சையாய், தார்ப்பசையாய் வரும். பிறகு பால்குடிக் காலம் முழுக்கக் கடுகு மஞ்சள், ஒட்டும் பதம். அந்தப் பதம்தான் வில்லங்கம். தாய் இருந்தால் நக்கியே சுத்தம் செய்துவிடும். நக்குவதுதான் குட்டியைக் கழியவும் தூண்டும். தாயில்லாக் குட்டிக்கு மலம் காய்ந்து வாலும் ஆசனவாயும் ஒன்றாய் ஒட்டிக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் குட்டி முக்கி முக்கியே ஓய்ந்துவிடும். அந்தப் பெண் வெந்நீரில் நனைத்த பழைய வேட்டித் துணியால் ஊறவைத்து, இழுக்காமல் துடைத்தெடுத்தாள். பெரியவர் மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தார். "வாடை சரிதான்" என்றார். எந்த ஆய்வுக்கூடத்திலும் இத்தனை சீக்கிரம் முடிவு வராது.

அடுத்து வாய்க்குள் சுண்டுவிரல். சூடாக இருந்து விரலைச் சப்பினால் சரி. சில்லிட்டிருந்தால் பால் கூடாது. முதலில் சாக்கில் சுற்றிச் சூடேற்ற வேண்டும். அப்புறம் விலாவுக்குக் கீழே கை. குடித்த பிறகு வயிறு விலாவோடு சமமாக நிற்க வேண்டும், புடைக்கக் கூடாது. "கத்துது கத்துதுன்னு ஊத்துனா கழிஞ்சே செத்துப்போகும்" என்றார். கணக்கும் அதையே சொல்கிறது: இரண்டு கிலோ குட்டிக்கு முதல் வாரத்தில் ஒரு நாளைக்கு 300 முதல் 400 மில்லி போதும், அதுவும் நாலைந்து வேளையாகப் பிரித்து, வெதுவெதுப்பாக. ஒரே வேளையில் வயிறு முட்ட ஊற்றினால் செரிக்காத பால்சர்க்கரையில் கிருமி பெருகி உப்பும்.

நிற்கவைத்து ஊட்டுவதிலும் விஷயம் இருக்கிறது. ஆட்டின் வயிற்றில் நாலு அறை. பால்குடிக்கு வேலை செய்வது நாலாவது அறைதான். குட்டி நின்றபடி கழுத்தை நீட்டிச் சப்பும்போது உள்ளே ஒரு மடிப்பு மூடிக்கொண்டு, பாலை முதல் அறையில் விழவிடாமல் நாலாவதற்கு நேரே அனுப்புகிறது. அவசரத்துக்கு வாயில் ஊற்றினால் பால் முதல் அறையில் தங்கிப் புளிக்கும். மல்லாத்தி ஊட்டினால் நுரையீரலுக்கே போய்விடலாம். தாலாட்டுக்காரருக்கு இதை யார் சொல்வது? பசும்பாலில் தண்ணீர் கலக்கிற பழக்கமும் அப்படித்தான். செம்மறிப் பால் பசும்பாலைவிடக் கெட்டி, கொழுப்பும் கூட. அதைக் குடிக்கவேண்டிய குட்டிக்குத் தண்ணீர்ப் பால் எதற்கு?

சீம்பால் கிடைத்ததா என்று கேட்டேன். கேட்டதே அவருக்குப் பிடிக்கவில்லை. அன்றே குட்டி போட்டிருந்த இன்னொரு ஆட்டில் பீய்ச்சிக் கொடுத்துவிட்டுத்தான் தூக்கி வந்தாராம். மனிதக் குழந்தை தாயின் எதிர்ப்புச் சக்தியில் கொஞ்சத்தைக் கருவிலேயே வாங்கிவிடுகிறது. ஆட்டுக்குட்டிக்கு அந்த வழியில்லை, சீம்பால்தான் கதி. குடல் அதை அப்படியே உள்ளே விடுவதும் முதல் ஒரு நாளைக்குத்தான். மணிக்கு மணி கதவு சாத்திக்கொண்டே வரும்.

ஆட்டைப் பார்த்தாலும் கல்வெட்டு நினைவுக்கு வருகிற கிறுக்கு எனக்கு. ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடு. நாளுக்கு உழக்கு நெய். ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் பெயர், அவருடைய உறவினர் பெயர்வரை வெட்டிவைத்திருக்கிறார்கள். இப்படி விடப்பட்ட ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகலாம், எண்ணிக்கை குறையக்கூடாது. மேடையில் இதைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்குகிறவர்களைக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. சோழ நிர்வாகமாம், பக்தியாம். எந்த மன்னனும் குட்டியின் வாலைத் தூக்கிப் பார்த்திருக்கமாட்டான். கிழட்டு ஆட்டுக்கு ஈடாகப் பெட்டைக்குட்டி தேற வேண்டும். மழையிலும் பனியிலும் அது கழியாமல் நிற்க வேண்டும். கழிந்து செத்தால் நஷ்டம் இடையர் தலையில். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்த மனிதரும் சாயங்காலத்தில் முகர்ந்துதான் பார்த்திருப்பார். அரசியர் கொடுத்த தங்க வைர நகைகளை முத்து முத்தாக எண்ணிப் பதிந்த கல்லில் இதற்கு ஒரு வரி இல்லை.

மூன்றாம் நாள் மலம் இளகியது. பெண் அழுதாள். குட்டி துள்ளுகிறதா, சப்புகிறதா என்று மட்டும் கேட்டார் பெரியவர். இரண்டும் உண்டு. பாலைக் குறைத்து, இடையில் உப்புச்சர்க்கரைக் கரைசல் தனியாகக் கொடுக்கச் சொன்னார். மறுநாள் பதம் திரும்பிவிட்டது. வெள்ளையாக, நாற்றமாக, தண்ணீராகப் போய்க் குட்டி தலையைத் தொங்கவிட்டால் கதை வேறு. கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு உடனே படிய வேண்டும். நின்றுவிட்டால் உடம்பில் நீர் வற்றுகிறது என்று அர்த்தம். அப்போது கை வைத்தியம் பேசிக்கொண்டிருக்காமல் 1962-ஐ அழைக்க வேண்டும், கால்நடை ஆம்புலன்ஸ் எண் அது. மூன்று வாரம் தாண்டி ரத்தமாகக் கழிந்தாலும் அப்படியே. ஈரத் தரையில் பெருகும் ரத்தக்கழிச்சலாக இருக்கலாம்.

"எப்ப தாத்தா புழுக்கை போடும்?" என்று அந்தப் பெண் தினமும் கேட்கிறாள். புல்லைக் கொறித்து அசைபோட ஆரம்பித்தால் தானாக உருண்டை பிடிக்கும் என்கிறார். ஆனால் வாய்க்கால் ஓரத்து ஈரப்புல்லை மட்டும் காட்டாதே என்று கண்டிப்பு. அந்தப் புல்லில் ஈரல்புழுவின் சிஸ்டு ஒட்டியிருக்கும். அது வருவது நத்தை வழியாக. நத்தை விஷயம் பெரிது, இடம் போதாது. அடுத்த வாரம் நத்தைதான்; ஆராதனை அடுத்த வருஷமும் வரும்.