எயார் ஃப்ரையர் வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்ததா?



நோன்பு பிறக்கு முன்னமே இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். பிறந்த பிறகு எழுதினால், வாசிக்க வேண்டியவர்கள் அஸருக்குப் பிறகு கடற்கரையில் நின்று கதைத்துக்கொண்டிருப்பார்கள். கோபிக்கிறவர்கள் கோபிக்கட்டும்.

நம்ம ஊரில் இப்போது எத்தனையோ வீட்டில் எயார் ஃப்ரையர் இருக்கிறது. கட்டாரிலிருந்து மச்சான் கொண்டு வந்தது, கலியாணத்துக்குக் கிடைத்தது, தவணைக்கு எடுத்தது. ஆனால் அது எங்கே இருக்கிறது? அலுமாரிக்கு மேலே, பெட்டியோடு. கேட்டால், "வீட்டுல அவக்கு அது பாவிக்கத் தெரியா" என்கிறோம். உங்களுக்குத் தெரியுமா காக்கா?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டிலும் அந்தப் பெட்டி இரண்டு வருடம் திறக்கப்படாமல் கிடந்தது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்புக்கு லீவு. எனக்கு ஒரு மாதம் ஓய்வு. மனைவிக்கும் மாமிக்கும் ஒரு மாதம் கூடுதல் வேலை. போன நோன்பில் ஒரு நாள், பாங்குக்கு இருபது நிமிடம் இருக்கும்போது, சமோசா பொரித்துக்கொண்டிருந்த மனைவியின் கையில் எண்ணெய் தெறித்தது. அவளும் நோன்பாளிதான். தழும்பு இன்னும் இருக்கிறது. நான் அப்போது ஃபோனில் பயான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் பெட்டியை இறக்கினேன். முதல் முயற்சியே தோல்வி. உளுந்து வடை மாவைக் கூடையில் வைத்தேன். அது ஓட்டைகளால் கீழே வடிந்து அடைபோலக் காய்ந்தது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். செய்து பார்த்துத்தான் பிள்ளை படிக்கும் என்று ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். வாப்பாவுக்கும் அதுதான் வழி.

இனி விசயத்துக்கு வருவோம். இந்த மெசினைப் பற்றி இரண்டு பொய் ஊரில் உலாவுகிறது.

முதல் பொய்: "இதுல செஞ்சா எவ்வளவு திண்டாலும் ஒண்டும் செய்யா."
பெயரில்தான் ஃப்ரையர். 2010இல் பிலிப்ஸ் கம்பனி இந்தப் பெயரோடு சந்தைக்கு விட்டது. உள்ளே இருப்பது மேலே ஒரு சூட்டுக்கம்பிச் சுருள், அதோடு ஒரு காற்றாடி. சூடான காற்றைச் சுழற்றி வேகவைக்கிற சின்ன அவன்தான் இது. எண்ணெய் குறைகிறது, உண்மை. போத்தலில் வடித்து வைத்த கறுத்த எண்ணெயில் மறுநாளும் பொரிக்கிற பழக்கம் ஒழிகிறது, அதுவும் பெரிய விசயம். ஆனால் ரோல்ஸின் கோதுமை மாவும் கிழங்கும் உப்பும் அப்படியேதான் இருக்கின்றன. ஆறு ரோல்ஸ் சாப்பிட்டால் சீனி வருத்தக்காரருக்கு மெசின் பிணை நிற்காது.

இரண்டாவது பொய்: "அது பொம்புளைகள்ற வேல."
இந்தப் பொய்தான் பெட்டியைத் திறக்க விடாமல் வைத்திருக்கிறது. அரை மணித்தியாலத்தில் படிக்கிற வேலைக்கு இவ்வளவு பெரிய சாட்டு! இதோ, நான் படித்ததை எழுதுகிறேன்.

1. பிளக். அநேகமான மெசின்கள் 1500 வோட்ஸ் அளவு. நமது 230 வோல்ட்டில் அது ஆறரை அம்பியர் இழுக்கும். பழைய வீடுகளின் 5 அம்பியர் வட்டப் பிளக்கிலும், பல பிளக் செருகிய நீட்டு வயரிலும் போடவே வேண்டாம். சுவரில் உள்ள 13 அம்பியர் பிளக்கில் நேரே போடுங்கள். பின்பக்கம் சூடான காற்று வரும், சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

2. மூன்று நிமிடம் வெறுமனே சூடாக்குங்கள். அப்போது உள்ளே பேப்பர் போடாதீர்கள். காற்றுக்குப் பறந்து கம்பியில் பட்டால் பற்றிவிடும்.

3. கூடையை நிரப்பாதீர்கள். ஒரு அடுக்குத்தான். நெருக்கி அடுக்கினால் காற்றுப் போகாது, அவிந்து சவசவ என்றுதான் வரும்.

4. சமோசா, ரோல்ஸ், கட்லட்டுக்கு மேலே பிரஷால் கொஞ்சம் எண்ணெய் தடவி, 180 பாகையில் 12 நிமிடம் வரை. பாதியில் திருப்ப வேண்டும். பிரீசரிலிருந்து எடுத்ததென்றால் 15 நிமிடம். மெசினுக்கு மெசின் வித்தியாசம், எட்டாவது நிமிடத்திலேயே திறந்து பாருங்கள்.

5. முள்ளோடு கோழித்துண்டு 180இல் 20 முதல் 25 நிமிடம். முள்ளுவரை வெட்டிப் பாருங்கள், உள்ளே சிவப்பு இருந்தால் இன்னும் வேக வேண்டும்.

6. கிழங்கை வெட்டி அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, ஈரம் துடைத்துப் போடுங்கள். பொன்னிறத்தோடு எடுத்துவிடுங்கள். கருகக் கருக அக்ரிலமைட் என்ற கூடாத பொருள் அதிகமாகும்.

7. வடை, பஜ்ஜி மாதிரி தண்ணி மாவுப் பலகாரம் இதில் சரிவராது. அதற்கு எண்ணெய்ச்சட்டிதான். ஆனால் தினமும் வேண்டுமா?

8. கூடையைக் கம்பிப் பஞ்சால் தேய்க்காதீர்கள். கழுவுவதும் நீங்கள்தான்.

"கரண்ட் பில் யார் கட்டுற?" என்று கேட்பீர்கள். 1500 வோட்ஸ் மெசின் இருபது நிமிடம் ஓடினால் கூடியது அரை யுனிட். ஏசி போட்டுத் தூங்கும்போது இந்தக் கணக்கு நமக்கு ஞாபகம் வருவதில்லை.

"ஆம்புள குசினிக்குள்ளயா" என்று கமென்ட் போட வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் உதவியாக இருப்பார்கள் என்று அவர்கள் சொன்னது புகாரியில் இருக்கிறது. தாடிக்கும் தொப்பிக்கும் சுன்னத்தைத் தேடுகிற நாம், இந்த சுன்னத்தை மட்டும் ஏன் அலுமாரிக்கு மேல் போட்டு வைத்திருக்கிறோம்?

சாமான் வாங்கிக் கொடுத்ததால் உதவி செய்ததாக ஆகாது. பெட்டியைத் திறந்து, கையை நனைத்தால்தான் உதவி.

இந்த நோன்பில் வாரத்துக்கு இரண்டு நாளாவது அஸருக்குப் பிறகு குசினியை நாம் எடுப்போம். அந்த நேரத்தில் அவர்கள் குர்ஆன் ஓதட்டும், இல்லாவிட்டால் சும்மா சாய்ந்து கிடக்கட்டும். வளர்ந்த ஆண் பிள்ளைகளையும் பக்கத்தில் நிற்பாட்டுங்கள். அவர்கள் பார்த்துத்தான் படிப்பார்கள்.

இன்று வீட்டுக்குப் போய் பெட்டியை இறக்குங்கள். முதல் தடவை கருகினால் வெட்கப்படாதீர்கள். என் வடையை விட மோசமாக வராது, இன்ஷா அல்லாஹ்.