5 வந்தா மேல ஏத்து: இந்த விதி மட்டும் போதுமா?

2,446 என்ற எண்ணை ஆயிரத்துக்கு முழுமையாக்கச் சொன்னால், சில பிள்ளைகள் 3,000 என்று எழுதிவிடுவார்கள். எப்படி? கடைசி இலக்கம் 6, அதனால் 2,450. அடுத்து 5 நிற்கிறது, அதனால் 2,500. மறுபடியும் 5, அதனால் 3,000. ஒவ்வொரு படியிலும் சொல்லிக்கொடுத்த விதியைத்தான் பின்பற்றியிருக்கிறார்கள். ஆனால் விடை தப்பு. 2,446 என்பது 2,000த்திலிருந்து 446 தள்ளி இருக்கிறது. 3,000க்குப் போக இன்னும் 554 வேண்டும்.

இது பிள்ளைகளின் குறை அல்ல, சொல்லிக்கொடுக்கும் வரிசையில் உள்ள குறை. ‘5 வந்தா ஏத்து, இல்லன்னா விட்டுடு’ என்ற விதியை முதல் நாளே மனப்பாடம் செய்ய வைத்துவிட்டால், ‘எது கிட்ட இருக்கு?’ என்ற கேள்விக்கே இடமில்லாமல் போகிறது.

உண்மையில் பிள்ளைகளுக்கு இது புதிய விஷயமே அல்ல. மணி 7.52 ஆகும்போது, ‘எட்டாகப் போகுது, கிளம்பு’ என்று வீட்டில் சொல்வதைத் தினமும் கேட்கிறார்கள். அங்கிருந்தே தொடங்கலாம். தரையில் சாக்பீஸால் 40 முதல் 50 வரை ஒரு கோடு போட்டு, 43இல் ஒரு பிள்ளையை நிறுத்தி, ‘எந்தப் பக்கம் நடந்தா சீக்கிரம் போய்ச் சேரலாம்?’ என்று கேட்டால் போதும். விதியை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

45இல் நிற்கும் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் சம தூரம். ‘அப்புறம் ஏன் 50க்குப் போகணும்?’ என்று கேட்டால், ‘அது எல்லாரும் சேர்ந்து வச்சுக்கிட்ட ஒப்பந்தம்’ என்று நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2017ஆம் ஆண்டின் மத்திய ஜிஎஸ்டி சட்டத்திலும் இந்த ஒப்பந்தம் உண்டு. வரித் தொகையில் 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு ரூபாயாக்க வேண்டும், குறைந்தால் விட்டுவிட வேண்டும் என்கிறது அதன் 170ஆவது பிரிவு.

எல்லா இடத்திலும் இந்த விதி செல்லாது என்பதையும் சொல்லித்தர வேண்டும். சுற்றுலாவுக்கு 43 பேர் போகிறார்கள். ஒரு வேனில் 10 பேர்தான் உட்காரலாம். கணக்குப்படி 4.3 வேன். விதியை நம்பி 4 வேன் பிடித்தால் மூன்று பிள்ளைகள் பள்ளி வாசலிலேயே நிற்பார்கள். இங்கே 5 வேன்தான் சரி. எதற்காக முழுமையாக்குகிறோம் என்பதுதான் மேலே போவதா, கீழே வருவதா என்பதைத் தீர்மானிக்கிறது.

இதெல்லாம் தேர்வில் இரண்டு மார்க்குக்காக மட்டும் அல்ல. கடையில் 48, 31, 97 ரூபாய்க்குப் பொருள் வாங்கினால், 50, 30, 100 என்று மனதிலேயே கூட்டி ‘சுமாரா 180 வரும்’ என்று தெரிந்திருக்க வேண்டும். பில்லில் 176 இருந்தால் சரி. 276 என்று இருந்தால் ‘அண்ணே, ஒரு தடவை பாருங்க’ என்று கேட்க அந்த 180தான் துணை. அது தெரியாத பிள்ளை, இயந்திரம் காட்டுவதை அப்படியே நம்பிப் பணத்தை நீட்டும்.

ஆகவே எந்தக் கணக்கைப் போடும் முன்பும் வகுப்பில் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: ‘சுமாரா எவ்வளவு வரும்?’ விதி அதற்குப் பிறகு வரட்டும்.