பிலோலாக்காரர்கள் யாருக்கு வாக்களித்தார்கள்?



பிலோலா என்ற ஊரின் பெயர் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில், கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் சிற்றூர். நிலக்கரிச் சுரங்கம், இறைச்சித் தொழிற்கூடம், சுற்றிலும் பண்ணைகள். மக்கள்தொகை ஆறாயிரத்தைத் தொடாது. அங்கே குடியிருந்த இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றை 2018 மார்ச் மாதம், பொழுது விடிகிற நேரத்தில், எல்லைப் படை அதிகாரிகள் வந்து கூட்டிப்போனார்கள். கணவன், மனைவி, அந்த நாட்டிலேயே பிறந்த இரண்டு பெண் குழந்தைகள். விசாக் காலம் முடிந்துவிட்டது என்பது காரணம். அவர்களின் அகதி விண்ணப்பங்களை அரசும் நீதிமன்றங்களும் ஏற்கவில்லை. மெல்பர்ன் தடுப்பு முகாமில் வைத்தார்கள். 2019 ஆகஸ்டில் கிறிஸ்துமஸ் தீவுக்குக் கொண்டுபோனார்கள்.

அந்தக் குடும்பத்தை விடக் கூடாது என்று முதலில் எழுந்து நின்றவர்கள் அதே ஊர்க்காரர்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள், குழந்தைகளைத் தெரிந்தவர்கள், வேலையிடத்து நண்பர்கள். மனு எழுதி, லட்சக்கணக்கான கையெழுத்துச் சேர்த்து, நாலு வருடம் ஓயாமல் கதவு கதவாகத் தட்டினார்கள். இதில் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பது ஒரு விஷயம். பிலோலா இருக்கும் ஃப்ளின் தொகுதி 2010 முதல் பழமைவாதக் கூட்டணியின் பக்கம் நிற்கும் தொகுதி. குடும்பத்தைப் பிடித்துப்போனபோது உள்துறை அமைச்சராக இருந்த பீட்டர் டட்டன் அந்தக் கூட்டணியைச் சேர்ந்தவர். தங்கள் தொகுதி தேர்ந்தெடுத்த கூட்டணியின் அரசிடம்தான் ஊர்க்காரர்கள் போய்க் கேட்டார்கள்: இவர்களை எங்களுக்குத் திருப்பித் தாருங்கள்.

2025 மே 3 தேர்தலில் டட்டனின் தலைமையில் அந்தக் கூட்டணி தோற்ற விதம் பற்றி எழுதுங்கள் என்று சிட்னியின் பெண்டில் ஹில், டூங்காபிப் பக்கத்து வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். எழுத உட்கார்ந்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பிலோலாதான். அங்கே நாலு வருடம் கேட்ட குரல் மிதவாத வாக்காளரின் குரல். அந்தக் குரலைக் கேட்கும் காதைக் கட்சி எங்கே தொலைத்தது என்பதுதான் என் மனதை அரிக்கும் கேள்வி.

தோல்வியின் அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். 150 இடங்கள் கொண்ட கீழவையில் ஆளும் தொழிற்கட்சிக்கு 94. லிபரல், நேஷனல் கட்சிகள் சேர்ந்த கூட்டணிக்கு 43. எதிர்க்கட்சித் தலைவரான டட்டன் தன் டிக்சன் தொகுதியையே இழந்தார். டாஸ்மேனியா மாநிலத்திலிருந்து லிபரல் கட்சிக்கு அந்தக் கீழவையில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. கட்சியைத் தொடங்கிய ராபர்ட் மென்சீஸின் பெயரைத் தாங்கிய 'மென்சீஸ்' தொகுதியும் தொழிற்கட்சிக்குப் போனது.

ஆஸ்திரேலியாவின் பெரிய பழமைவாதக் கட்சிக்கு லிபரல் என்று பெயர் இருப்பது நம் வாசகர்களில் சிலரைக் குழப்பலாம். அந்தப் பெயரை மென்சீஸ் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தார். 1942 மே மாதம், போர் நடந்துகொண்டிருந்தபோது, பதவி இழந்து நின்ற அவர் வானொலியில் ஓர் உரை நிகழ்த்தினார். பெருமுதலாளிக்குச் செல்வாக்கு இருக்கிறது, தொழிலாளிக்குச் சங்கம் இருக்கிறது. நடுவில் இருக்கும் மாதச் சம்பளக்காரர், கடைக்காரர், கைவினைஞர், சிறு விவசாயி ஆகியோருக்குப் பேச யாரும் இல்லை என்பது அதன் சாரம். அவர்களை மறக்கப்பட்ட மக்கள் என்றார். அவர்களுடைய வாழ்க்கையின் மையம் வீடு என்றார். 1944-இல் லிபரல் கட்சி பிறந்தது. விக்டோரியா மாநிலக் கிளையில் நிர்வாகப் பொறுப்புகளில் பாதி பெண்களுக்கு என்று தொடக்கத்திலேயே விதி செய்தார்கள். 1949 முதல் 1966 வரை மென்சீஸ் பிரதமர். அந்தக் காலத்தில் சொந்த வீடு வைத்திருந்த குடும்பங்கள் பாதிக்குச் சற்று மேல் என்ற நிலையிலிருந்து பத்துக்கு ஏழாக உயர்ந்தன.

நான் மென்சீஸை முழுதாகப் புகழ வரவில்லை. வெள்ளையர் குடியேற்றக் கொள்கை அவர் ஆட்சி முழுக்க நீடித்தது. நம்மவர்களுக்கு அன்று அந்த வாசல் திறந்திருக்கவில்லை. ஆனால் தன் கட்சி யாருக்காக என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. கடனை அடைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, நாளை இன்றைப் போலவே அமைதியாக விடிய வேண்டும் என்று நினைக்கும் குடும்பத்துக்காக. பழமைவாதத்தின் சிறந்த பகுதி அந்த நிதானம்தான் என்று நான் நம்புகிறேன். அதை நம்பித்தான் மிதவாதிகள் அந்தப் பக்கம் வந்தார்கள்.

அந்த நிதானம் முதலில் உடைந்தது பருவநிலை விஷயத்தில். 2009 டிசம்பரில், கரிம வெளியேற்றத்தைக் குறைக்கும் திட்டத்தை ஆதரித்த மால்கம் டர்ன்புல்லை லிபரல் கட்சித் தலைமையிலிருந்து இறக்கி டோனி அபாட்டைக் கொண்டுவந்தார்கள். வாக்குகள் 42-க்கு 41. ஒரே ஒரு வாக்கு. டர்ன்புல் பிறகு பிரதமராகத் திரும்பி வந்தபோதும் 2018 ஆகஸ்டில் இதே மாதிரியான சண்டையில்தான் பதவியை இழந்தார். இடையில் 2017-இல் ஒருபாலினத் திருமணம் பற்றி அஞ்சல் வழிக் கருத்தறிந்தபோது அபாட்டின் வாரிங்கா தொகுதியில் நூற்றுக்கு 75 பேர் ஆதரவு சொன்னார்கள். அவரோ எதிர்ப்பின் முன்னணி முகம். அடுத்த தேர்தலில், 2019-இல், 1994 முதல் தன்னிடம் இருந்த தொகுதியை ஸாலி ஸ்டெகால் என்ற சுயேச்சையிடம் இழந்தார்.

இந்தச் சுயேச்சைகள் எங்கிருந்து வந்தார்கள் என்பது இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. விக்டோரியாவின் கிராமப்புறத் தொகுதியான இண்டியில் சிலர் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். பத்துப் பேர் கூடுவார்கள், தேநீர் போடுவார்கள், நம் ஊருக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்வார்கள். வாதாட வேண்டாம், கேட்டால் போதும் என்பது ஏற்பாடு. அந்தப் பேச்சுகளிலிருந்து எழுந்த கேத்தி மெக்கோவன் 2013-இல் 439 வாக்கு வித்தியாசத்தில் லிபரல் உறுப்பினரைத் தோற்கடித்தார். நாடு முழுக்க லிபரல் அலை வீசிய தேர்தல் அது. அந்த மேசை வழக்கம் சிட்னி, மெல்பர்ன், பெர்த் நகரங்களின் வசதியான புறநகர்களுக்குப் பரவியது. 2022-இல் லிபரல் கட்சியின் ஆறு கோட்டைகளை ஆறு புதிய சுயேச்சைகள் பிடித்தார்கள். ஆறு பேரும் பெண்கள். லிபரலின் நீலத்தோடு சூழலின் பச்சை கலந்த மயில்கழுத்து நிறம் பெரும்பாலும் அவர்களின் அடையாளமானதால் 'டீல்' என்று பெயர் வந்தது. மென்சீஸே நின்று வென்ற கூயோங் தொகுதியில் நிதியமைச்சர் ஜோஷ் ஃப்ரைடன்பர்க் மருத்துவர் மோனிக் ரயனிடம் தோற்றார்.

இது அங்கே எப்படிச் சாத்தியமாயிற்று? வாக்களிப்பது அங்கே சட்டப்படி கட்டாயம். 1924 முதல் இருக்கும் விதி. காரணமில்லாமல் வராவிட்டால் 20 டாலர் அபராதம். வாக்களிப்பு கட்டாயமில்லாத நாடுகளில் கட்சிமேல் மனம் கசந்த மிதவாதி வீட்டிலேயே இருந்துவிடுவார். அங்கே அவர் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தே ஆக வேண்டும். வந்தவர் வேட்பாளர்கள் எல்லோருக்கும் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். ஆக, வாழ்நாள் முழுக்க லிபரலுக்குப் போட்டவர் தொழிற்கட்சிக்குக் கை நீட்டாமலேயே தன் மனக்குறையைப் பதிவு செய்யலாம்: சுயேச்சைக்கு 1, லிபரலுக்கு 2. தொழிற்கட்சிக்காரர்களும் பசுமைக் கட்சிக்காரர்களும் தங்கள் வேட்பாளருக்கு அடுத்த எண்ணைச் சுயேச்சைக்குக் கொடுத்தார்கள். கூயோங்கில் முதல் விருப்ப வாக்கில் ஃப்ரைடன்பர்க்தான் முன்னால் இருந்தார். அடுத்த விருப்பங்கள் எண்ணப்பட்டபோது ரயன் தாண்டிப் போனார்.

இனி நான் சொல்லப்போவது சில வாசகர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். என்னையே இது நெடுநாள் அலைக்கழித்தது. 2022 பிப்ரவரியில், மதப் பள்ளிகளில் படிக்கும் திருநர் மாணவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று தங்கள் அரசையே எதிர்த்து ஐந்து லிபரல் உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். ட்ரெண்ட் ஜிம்மர்மன், கேட்டி ஆலன், டேவ் சர்மா, ஃபியோனா மார்ட்டின், பிரிட்ஜெட் ஆர்ச்சர். இவர்களில் ஜிம்மர்மனும் ஆலனும் பிலோலா குடும்பத்துக்காகவும் 2021-இல் வாய் திறந்தவர்கள். மூன்றே மாதத்தில் வந்த தேர்தலில் முதல் நால்வரும் தோற்றார்கள். மிஞ்சிய ஆர்ச்சர் 2025-இல் தோற்றார். ஐந்து இடங்களும் லிபரலின் கையை விட்டுப் போயின.

மிதவாத வாக்காளர் கோபத்தோடு வெளியேறும்போது, அவர் கோபப்பட்ட மனிதர்கள் பத்திரமாக இருக்கிறார்கள். அவர்கள் தொகுதி வேறு எங்கோ, அசைக்க முடியாத பெரும்பான்மையோடு இருக்கிறது. விழுவது அவருடைய சொந்தத் தொகுதி உறுப்பினர், அதாவது அவரைப் போலவே நினைத்தவர். அடுத்த நாள் கட்சிக் கூட்டத்தில் எஞ்சியிருப்பவர்கள் ஒரே சுருதியில் பேசுகிறார்கள். அடுத்த தேர்தலுக்கான கொள்கையை அவர்களே எழுதுகிறார்கள். 2025-இல் அதுதான் நடந்தது. ஏழு அணுமின் நிலையங்கள், அரசு ஊழியர் எண்ணிக்கையில் பெரும் வெட்டு, வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அரசு ஊழியர்களை அலுவலகத்துக்குத் திருப்பும் திட்டம். குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து கணினி முன் உட்காரும் தாய்மார்கள் அந்தக் கடைசித் திட்டத்தை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று எடுத்துச் சொல்ல அந்த அறையில் போதிய ஆட்கள் இல்லை. பிரசாரத்தின் நடுவிலேயே அதைக் கைவிட்டு வருத்தம் தெரிவித்தார்கள். சேதம் நடந்து முடிந்திருந்தது.

தோல்விக்குப் பின் தலைமைக்குப் போட்டி வந்தது. சூசன் லே 29, ஆங்கஸ் டெய்லர் 25. கட்சியின் வரலாற்றில் முதல் பெண் தலைவர், நாலு வாக்கு வித்தியாசத்தில். 2025 செப்டம்பரில் அந்தக் கட்சியின் செனட்டர் ஜசிந்தா பிரைஸ், தொழிற்கட்சிக்கு வாக்களிப்பார்கள் என்பதாலேயே இந்தியர்கள் அதிகம் வரவழைக்கப்படுகிறார்கள் என்று பொருள்படப் பேசினார். மன்னிப்புக் கேட்கவில்லை, தலைமைக்கு ஆதரவு சொல்லவும் மறுத்ததால் முன்வரிசைப் பொறுப்பை இழந்தார். லே இந்திய சமூகத்திடம் மன்னிப்புக் கேட்டார். சிட்னியின் மேற்குப் புறநகர்களில் வீடு வாங்கி, கடை வைத்து, பிள்ளைகளின் படிப்புக்கு உயிரை விடும் நம் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். மென்சீஸ் வரைந்த படத்தில் அவர்கள் அச்சாகப் பொருந்துவார்கள். அவர்கள் ஒரு பழமைவாதக் கட்சிக்கு இயல்பான உறவினர்கள். அந்த உறவைக் கட்சி தானாகவே அறுத்துக்கொள்வதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. எந்த நாட்டிலும் ஆட்சிக்குப் பயம் தர ஒரு வலுவான எதிர்க்கட்சி வேண்டும்.

2025 நவம்பரில் லிபரல் கட்சி 2050-க்கான நிகர பூஜ்ய வெளியேற்ற இலக்கையும் விட்டுவிட்டது. வலப்பக்கத்தில் பாலின் ஹான்சனின் ஒன் நேஷன் கட்சி இழுக்கும் வாக்குகளைத் தடுக்க வேண்டும் என்ற கணக்கு அதன் பின்னால் இருக்கிறது. அந்தப் பயத்தை நான் அற்பமாகப் பார்க்கவில்லை. வீட்டு வாடகை ஏறி, வேலை நிலைக்காமல், யாரும் காது கொடுக்காமல் போனதால் அங்கே போகிறவர்கள் பலர். அவர்களும் மறக்கப்பட்ட மக்கள்தான். ஆனால் இதே ஹான்சன் 1996-இல் லிபரல் வேட்பாளராக இருந்தபோது, பழங்குடியினர் பற்றிய அவருடைய கருத்துகளுக்காகக் கட்சி தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. லிபரல் தலைவர் ஜான் ஹோவர்ட் பெரு வெற்றியோடு ஆட்சிக்கு வந்தது அதே தேர்தலில்தான். அடுத்து போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, தன் கிராமப்புற ஆதரவாளர்கள் கொதிப்பார்கள் என்று தெரிந்தும் துப்பாக்கிச் சட்டத்தை இறுக்கினார். பதினோரு ஆண்டுகளுக்கும் மேல் ஆட்சியில் இருந்தார். அகதிகள் விஷயத்தில் அவர் எடுத்த முடிவுகளை நான் ஏற்கவில்லை. இருந்தும், தன் அணியின் உரத்த குரலுக்கு முடியாது என்று சொல்ல ஒரு பழமைவாதத் தலைவரால் முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

ஆஸ்திரேலிய வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எந்தக் கட்சி என்று நான் சொல்லப்போவதில்லை. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கிளைக் கூட்டங்களில் பல இடங்களில் சில நூறு பேர்தான் கை தூக்குகிறார்கள். தொகுதியில் லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள் இருப்பார்கள். வாக்குச்சீட்டு நம் கைக்கு வரும்போது பாதி முடிவு எடுத்தாகிவிட்டது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை சீட்டில் எண் எழுதுவதோடு நிறுத்தாமல், மாதம் ஒரு மாலை அந்தக் கிளைக் கூட்டத்தில் போய் உட்காருங்கள். உங்களைப் போல் நிதானமாக நினைக்கிற ஒருவர் வேட்பாளராக வர ஆசைப்பட்டால் அவருக்காகக் கை தூக்குங்கள். கட்சி பிடிக்காமல் விலகியவர்களைவிட, பிடிக்காமலே உள்ளே இருந்து வாதாடியவர்களால்தான் கட்சிகள் திருந்தியிருக்கின்றன. இண்டியில் மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களின் பொறுமை கட்சிக்குள்ளேயும் தேவை.

பிலோலாவுக்கு வருகிறேன். 2022 மே 21 தேர்தலில் நாட்டில் ஆட்சி மாறியது. ஃப்ளின் தொகுதி மாறவில்லை. பழமைவாதக் கூட்டணியின் வேட்பாளரையே மறுபடி தேர்ந்தெடுத்தது. புதிய அரசு அந்தக் குடும்பத்துக்கு ஊர் திரும்ப அனுமதி கொடுத்தது. ஜூன் 10 அன்று அவர்கள் வந்து இறங்கினார்கள். பூங்கொத்தோடு காத்திருந்தவர்களில் யார் யாருக்கு வாக்களித்தார்கள் என்று எவரும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து இளைய மகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள். ஒன்பது மாதக் குழந்தையாக அந்த ஊரிலிருந்து தூக்கிச் செல்லப்பட்டவள், முதல் முறையாகத் தடுப்புக் காவலுக்கு வெளியே, சொந்த ஊரில், ஊர்க்காரர்களோடு சேர்ந்து கேக் வெட்டினாள்.

அன்புடன்,
ஆசிரியர்