உச்ச நேரத்தில் எங்கே நிற்பார்கள்?

திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் 2024 ஜூன் 11 முதல் இயங்கிவருகிறது. ஆண்டுக்கு 44.5 லட்சம் பயணிகளைக் கையாளக்கூடியது என்பது அதன் பெருமை. இந்த எண்ணை 365 நாளுக்கும் 24 மணி நேரத்துக்கும் சமமாகப் பங்கிட்டால் மணிக்குச் சுமார் 500 பேர்தான் வருகிறார்கள். ஆனால், உச்ச நேரத்தில் 3,480 பேர் திரள்வார்கள் என்று வைத்துத்தான் கட்டடத்தை வடிவமைத்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட ஏழு மடங்கு! 2025 ஜூலையில் திறக்கப்பட்ட தூத்துக்குடி முனையத்திலும் இதே கதைதான்: ஆண்டுக்கு 20 லட்சம், உச்ச நேரத்தில் 1,350. அதாவது, ஒரு நாள் கூட்டத்தில் கால்வாசி ஒரே மணி நேரத்தில் வந்துவிடலாம்.

பெருநகரங்களில் நாள் முழுக்க விமானங்கள் வந்துபோவதால் கூட்டம் பரவிவிடும். மற்ற ஊர்களில் இரண்டு, மூன்று விமானங்கள் அடுத்தடுத்து வந்தாலே முனையம் நிரம்பிவிடும். அவற்றில் ஒன்று தாமதமானால் நிலைமை இன்னும் மோசம்.

இதற்குக் கூடத்தைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது. ஏரி எவ்வளவு பெரிதானாலும் தண்ணீர் மடையின் அகலத்துக்குத்தான் பாயும். பாதுகாப்புச் சோதனை முடியும் இடத்தைச் சற்றுக் கவனித்தால் இது புரியும். பெல்ட்டை மாட்டுபவர், ஷூவுக்குள் காலை நுழைக்கத் தடுமாறும் முதியவர், குழந்தையைத் தோளில் போட்டபடி லேப்டாப்பைப் பைக்குள் திணிக்கும் தாய் என எல்லோரும் அங்கேயே நிற்கிறார்கள். தட்டுகள் தேங்குகின்றன, எக்ஸ்-ரே இயந்திரம் நிற்கிறது, வரிசை பின்னால் நீள்கிறது. இன்னொரு இயந்திரம் வாங்குவதற்கு முன்னால், தட்டு வந்து சேரும் மேடையை நீட்டி, உட்கார்ந்து ஷூ போட இரண்டு பெஞ்சுகளைப் போட்டுப் பார்க்கலாம்.

வாசலுக்கு வருவோம். ஒருவர் வெளிநாடு போக, குடும்பமே வேன் பிடித்து வந்து வழியனுப்புவது நம் ஊர் வழக்கம். பயணச்சீட்டு உள்ளவர் மட்டும் உள்ளே போவார். மற்றவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று, அவர் கடைசியாகக் கையசைக்கும்வரை நகர மாட்டார்கள். பயணிகள் கணக்கில் இவர்கள் வருவதில்லை. இவர்களுக்கு நிழலும் இருக்கையும் கழிப்பறையும் வாசலை விட்டுத் தள்ளி அமைய வேண்டும். உள்ளே ஏதாவது நடந்தால், தப்பி வருபவர்கள் அந்த வாசல் வழியாகத்தானே வர வேண்டும்?

முனையம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அதைச் சீரமைக்கும் காலம்தான் மிகவும் ஆபத்தானது. ஜெர்மனியின் டூசல்டார்ஃப் விமான நிலையத்தில் 1996 ஏப்ரல் 11 அன்று, முனையத்துக்கு மேலே செல்லும் சாலையில் வெல்டிங் வேலை நடந்தது. தீப்பொறிகள் கீழ்த்தளக் கூரையின் பாலிஸ்டைரீன் காப்புப் பலகையில் பட்டு, உள்ளுக்குள்ளேயே புகைந்து, திடீரென்று தீ பரவியது. அங்கே தானியங்கி நீர்த்தெளிப்பான் இல்லை. இறந்த 17 பேரில் பெரும்பாலானோரைக் கொன்றது புகை. சிலர் ஏறிய லிஃப்ட், புகை மண்டிய தளத்தில் போய்த் திறந்தது. சிலர் ஓய்வறையிலிருந்து வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொண்டார்கள்.

புதுக் கட்டடம் என்பதாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2024 ஜூன் 27 ஜபல்பூர், 28 டெல்லி, 29 ராஜ்கோட் என்று மழையில் மூன்றே நாளில் மூன்று விமான நிலையங்களின் முகப்புக் கூரைகள் சரிந்தன. டெல்லியில் ஒருவர் உயிரிழந்தார். ஜபல்பூர் முனையம் திறக்கப்பட்டு நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

கோவையும் மதுரையும் விரிவாக்கத்துக்குக் காத்திருக்கின்றன. வெல்டிங் நடக்கும் இடத்தில் வேலை முடிந்த பிறகும் காவலிருக்கத் தீயணைப்பு வீரர், தடுப்பு வைத்து மூடும் ஒவ்வொரு வழிக்கும் அதே அகலத்தில் மாற்று வழி, பருவமழைக்கு முன் கூரை வடிகால் சோதனை ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். அவற்றுக்கான செலவைத் தனித் தலைப்பில் ஒதுக்கினால்தான், பணம் குறையும்போது முதலில் இவற்றில் கைவைக்க மாட்டார்கள்.