பேருந்தை மறிக்கும் முன் பணிமனை வாயிலுக்குச் செல்வோம்!

அன்பான இளைஞனே! கடைவீதியில் காலை முதல் இரவு வரை நின்று தொழில் செய்யும் வணிகச் சகோதரரே! உங்களிடம் ஒரு கேள்வி.

உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் யார் என்று உங்களுக்குத் தெரியும். காவல் நிலைய ஆய்வாளரைத் தெரியும். மின்வாரியத்தில் யாரைப் பார்க்க வேண்டும், நகராட்சியில் யாரிடம் மனு கொடுக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் தினமும் உங்கள் கடை வாசலைக் கடந்து போகும் பேருந்துகளை ஓட்டுகிறவர்களின் தொழிற்சங்கக் கிளைச் செயலாளர் யார்? அவர் பெயர் என்ன? ஒரு தடவையாவது அவரோடு உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறீர்களா?

நம்மில் பெரும்பாலோரின் பதில் 'இல்லை' என்பதுதான். 'அவர் யாராக இருந்தால் நமக்கென்ன?' என்று கேட்போரும் உண்டு. நமக்கு இதில் நிறையவே இருக்கிறது.

ஓர் இரவில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன், ரமளான் மாதம். எங்கள் ஊர்க் கடைவீதியில் பள்ளிவாசலை ஒட்டி ஒரு பேருந்து நிறுத்தம். தராவீஹ் தொழுகை முடிந்த பிறகு, பக்கத்துக் கிராமங்களுக்குத் திரும்ப வேண்டிய கடைப் பையன்களும், பெருநாள் துணி எடுக்க வந்த குடும்பங்களும் கடைசிப் பேருந்துக்காக அங்கே காத்திருப்பார்கள். அந்தப் பேருந்து மூன்று நாட்களாக நிற்காமல் போனது. "நம்ம இடம் என்பதால்தான் வேண்டுமென்றே நிறுத்தாமல் போகிறான்" என்று யாரோ ஒருவர் கொளுத்திப் போட்டார். நான்காம் நாள் இளைஞர்கள் சாலையில் இறங்கி வண்டியை மறித்தார்கள். வாய்த்தகராறு முற்றியது. கூட்டத்திலிருந்து ஒரு கல் பறந்தது. முன்கண்ணாடி நொறுங்கியது. ஓட்டுநரின் கன்னத்தில் இரத்தம்.

பிறகு என்ன நடக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. கல் எறிந்தவன் ஓடிவிட்டான், நின்றவர்கள் பிடிபட்டார்கள். பொதுச் சொத்துக்குச் சேதம் விளைவிப்பதைத் தடுக்கும் 1992ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டப்படி வழக்கு. பிடிபட்டவர்களில் ஒரு தம்பி பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருந்தான். வளைகுடாவில் வேலை ஏறத்தாழ உறுதியாகியிருந்தது. நிலுவையில் குற்ற வழக்கு இருப்பவனுக்குப் பாஸ்போர்ட் எளிதில் கிடைக்குமா? அந்த வேலை கைநழுவிப் போனது.

ஒரு வாரம் கழித்து, ஜமாஅத்தைச் சேர்ந்த மளிகைக் கடைப் பெரியவர் ஒருவர் பணிமனைக்குச் சென்று தொழிற்சங்கக் கிளைச் செயலாளரைச் சந்தித்தார். நானும் உடன் சென்றேன். அவர் சொன்ன காரணம் எங்களைத் தலைகுனிய வைத்தது.

"பாய், அந்த இடத்தில் வண்டியை ஓரங்கட்ட இடமே இல்லை. நோன்பு மாதத்துக் கூட்டத்துக்காகப் போட்ட பந்தல், தள்ளுவண்டி, கடைக்கு முன்னால் பைக்குகள் என்று சாலையில் பாதி போய்விட்டது. நடுரோட்டில் நிறுத்தி ஆள் ஏற்றும்போது யாராவது அடிபட்டால் எங்கள் ஆள்தான் சஸ்பெண்ட் ஆவான். போலீஸ் கேஸும் அவன் மேல்தான். அதனால் நூறடி தள்ளி நிறுத்திப் பார்த்தார்கள். அங்கே நீங்கள் யாரும் வந்து நிற்கவில்லை."

"இதை முன்பே எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி?" என்றார் பெரியவர்.

"நீங்களும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே பாய்?" என்றார் அவர்.

மறுநாளே வணிகர்கள் பந்தலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். நிறுத்தத்தில் வண்டிகள் நிற்காமல் பார்த்துக்கொள்ள இரண்டு இளைஞர்கள் தினமும் நின்றார்கள். பேருந்தும் நின்றது. ஆனால் வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. ஒரு தேநீரில் தீர்ந்திருக்க வேண்டிய காரியத்துக்கு நாம் கொடுத்த விலையைப் பாருங்கள்!

இவர்கள் யார்?

1970களின் தொடக்கத்தில் பல்லவன், சேரன், சோழன், பாண்டியன் என்ற பெயர்களில் தொடங்கப்பட்ட அரசுப் போக்குவரத்துக் கழகங்கள், 1997-ல் அந்தப் பெயர்களை இழந்து பொதுப் பெயருக்கு மாறின. இன்று எட்டுக் கழகங்கள் ஏறத்தாழ 20 ஆயிரம் பேருந்துகளை வைத்திருக்கின்றன. ஒவ்வொரு பணிமனையின் வாயிலிலும் வரிசையாகக் கொடிக்கம்பங்களைப் பார்த்திருப்பீர்கள். அவை வெறும் கட்சிக் கொடிகள் அல்ல. தி.மு.க. சார்புள்ள தொ.மு.ச., அ.தி.மு.க. சார்புள்ள அண்ணா தொழிற்சங்கப் பேரவை, சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி. என்று ஒவ்வொரு சங்கத்தின் கிளைக்கும் உரிய அடையாளங்கள் அவை. ஒவ்வொரு கிளைக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர் உண்டு.

இவர்கள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் அல்லர். பெரும்பாலும் இவர்களே ஓட்டுநர்கள், நடத்துநர்கள், தொழில்நுட்பப் பணியாளர்கள். ஒரு ஓட்டுநருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தால் விளக்கம் எழுத உதவுபவர் இவர். விடுப்பு மறுக்கப்பட்டால் கிளை மேலாளரிடம் பேசுபவர் இவர். டீசல் அதிகம் செலவாயிற்று, வசூல் குறைந்தது என்று தொழிலாளியைக் கூப்பிட்டுக் கேட்டால் அவன் பக்கம் நின்று பதில் சொல்பவரும் இவர்தான். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு வகுத்தது. ஆள் பற்றாக்குறையில் அந்த வரம்பு மீறப்படும்போது முதலில் குரல் கொடுப்பவரும் இவரே.

நம் சமுதாயத்திலும் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். நோன்பு திறக்கும் நேரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு பேரீச்சம் பழத்தை வாயில் போட்டு வண்டியை ஓட்டும் சகோதரர்கள் இருக்கிறார்கள். ஜும்ஆ நேரத்தில் பணி மாற்றிக்கொள்ள அவர்களுக்கு உதவுபவர் யார்? கூட வேலை செய்யும் மாற்று மதத்துத் தோழரும், அதைப் பேசி ஒழுங்கு செய்யும் இந்தக் கிளைச் செயலாளரும்தான். இதை நம் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

வணிகரே, இது உங்கள் கல்லாவின் விஷயம்

பேருந்து ஓடினால்தான் கடைவீதி ஓடும். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து உங்கள் கடைக்கு வரும் பெண்கள் எந்தப் பேருந்தில் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

2018 ஜனவரி 4 முதல் 11 வரை வேலைநிறுத்தம் நடந்தது. பொங்கல் வியாபார நேரம். "பண்டிகை நேரத்தில் மக்களை வதைக்கிறார்கள்" என்று நம் வணிகர்கள் பலர் தொழிலாளர்களைத் திட்டினார்கள். அவர்கள் கேட்டது என்ன? 2.57 என்ற காரணியில் ஊதியத்தை உயர்த்தச் சொன்னார்கள், அரசு 2.44 என்றது. ஓய்வு பெற்றோருக்குச் சேர வேண்டிய பணமும், தொழிலாளர் சம்பளத்திலிருந்து பிடித்த தொகையும் நிலுவையில் கிடந்தன. முப்பது ஆண்டுகள் வண்டி ஓட்டியவன், தன் சொந்தப் பணத்துக்காகக் காத்துக் கிடந்தான். கடன் கொடுத்துவிட்டு வசூலுக்கு அலையும் வணிகருக்கு அந்த வலி புரியாதா? புரியும். ஆனால் சொல்ல ஆள் இல்லை. கேட்க நாமும் போகவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2018-ல் அ.தி.மு.க. ஆட்சி. அப்போது தொ.மு.ச. போராட்டத்தில் இருந்தது; அண்ணா தொழிற்சங்கப் பேரவை விலகி நின்றது. 2024 ஜனவரி 9-ல் தி.மு.க. ஆட்சியில் மீண்டும் வேலைநிறுத்தம். இப்போது அண்ணா தொழிற்சங்கப் பேரவை களத்தில் நின்றது, தொ.மு.ச. விலகி நின்றது. உயர் நீதிமன்றம் தலையிட்ட பின் மறுநாளே அந்தப் போராட்டம் தள்ளிவைக்கப்பட்டது. இதில் நமக்குப் பாடம் என்ன? ஒரு சங்கத்துக்காரரை மட்டும் தெரிந்து வைத்திருப்பவனுக்குப் பாதிச் செய்திதான் கிடைக்கும். எல்லாக் கொடிகளுக்கும் கீழே நிற்பவர்களையும் தெரிந்து வைத்திருப்பவர், நாளை எந்த வண்டி ஓடும், எந்த வண்டி ஓடாது என்பதை முன்கூட்டியே அறிவார்.

கதவை மூடிய சங்கம்

"சங்கங்கள் எப்போதும் நியாயத்தின் பக்கமா நிற்கின்றன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எப்போதும் இல்லை. அதற்கும் வரலாற்றில் சான்று இருக்கிறது. அது நம் மண்ணில் நடந்ததல்ல, இங்கிலாந்தில் பிரிஸ்டல் என்ற துறைமுக நகரத்தில் நடந்தது.

அங்கே 1955-ல் பேருந்துத் தொழிலாளர் சங்கத்தின் உள்ளூர்ப் பிரிவே, வெள்ளையரல்லாதோரை ஓட்டுநராகவோ நடத்துநராகவோ சேர்க்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. பட்டறையிலும் உணவகத்திலும் அவர்கள் வேலை செய்யலாம்; பேருந்தில் மட்டும் கூடாது! காரணம் நிறவெறி மட்டுமல்ல. அடிப்படைச் சம்பளம் குறைவு. கூடுதல் நேர வேலையை நம்பித்தான் தொழிலாளி வீட்டில் அடுப்பு எரிந்தது. புதிய ஆட்கள் வந்தால் அந்தக் கூடுதல் வருமானம் போய்விடும் என்ற அச்சம். நிர்வாகம் அந்த அச்சத்தின் பின்னால் ஒளிந்துகொண்டது.

1963-ல் கை பெய்லி என்ற மேற்கிந்திய இளைஞருக்கு, அவர் எந்த ஊர்க்காரர் என்று தெரிந்ததும் நேர்காணலே மறுக்கப்பட்டது. பால் ஸ்டீபன்சன் முதலானோர் ஏப்ரல் இறுதியில் பேருந்துப் புறக்கணிப்பை அறிவித்தார்கள். நான்கு மாதப் போராட்டம். கிரிக்கெட் வீரராகப் புகழ்பெற்று, அப்போது டிரினிடாட் நாட்டின் தூதராக இருந்த லியரி கான்ஸ்டன்டைனும் குரல் கொடுத்தார். முடிவில் ஆகஸ்ட் 27 அன்று ஏறத்தாழ 500 பேருந்துத் தொழிலாளர்கள் கூடி, இந்தத் தடையை நீக்கச் சம்மதித்தார்கள். மறுநாள் நிர்வாகம் அதை அறிவித்தது. செப்டம்பர் 17-ல் ரக்பீர் சிங் என்ற சீக்கியர் அந்நகரின் முதல் வெள்ளையரல்லாத நடத்துநரானார். சில நாட்களில் இரண்டு ஜமைக்காக்காரர்களும் இரண்டு பாகிஸ்தானியரும் சேர்ந்தார்கள். அந்தச் சங்கத்தின் வழிவந்த இன்றைய சங்கம் 2013-ல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது.

இளைஞனே, இந்தக் கதையில் இரண்டு உண்மைகள் இருக்கின்றன. சங்கமும் தவறு செய்யும். அப்போது உறுதியோடு எதிர்த்து நிற்க வேண்டும். இது ஒன்று. தொழிலாளியின் அச்சம் என்ன என்பதை அறியாமல் அவன் மனத்தை மாற்ற முடியாது. மூடிய கதவைத் திறக்கவும் அதே தொழிலாளர்கள்தான் கை உயர்த்த வேண்டியிருந்தது. இது இன்னொன்று. அவர்களை அறியாதவன் யாரிடம் போய்ப் பேசுவான்?

எப்படி அறிமுகமாவது?

இது பெரிய வித்தையல்ல. பணிமனை வாயிலில் சங்கங்களின் தகவல் பலகைகள் இருக்கும். கிளை நிர்வாகிகளின் பெயர்கள் பெரும்பாலும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். வாயிற்கூட்டம் நடக்கும்போது ஓரமாக நின்று கேளுங்கள். அவர்களுடைய கவலை என்ன என்பது பத்து நிமிடத்தில் விளங்கும். பணி மாறும் நேரத்தில் போகாதீர்கள். கணக்கை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு ஓடும் அவசரத்தில் யாரும் பேசமாட்டார்கள்.

வணிகர் சங்கமும் ஜமாஅத்தும் சேர்ந்து இருவரைப் பொறுப்பாக்கட்டும். ஒருவர் பெரியவர், ஒருவர் இளைஞர். எல்லாச் சங்கத்தாரையும் ஒரே மாதிரி அழையுங்கள். இஃப்தாருக்கு அமைச்சரையும் ஆணையரையும் அழைக்கிறோமே, அந்த வரிசையில் நம் தெரு வழியாக வண்டி ஓட்டும் தொழிலாளியின் பிரதிநிதிக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். அது புகைப்படத்துக்காக வேண்டாம். கஞ்சி குடித்த பிறகு அரைமணி நேரம் பேசுங்கள். எந்த நிறுத்தத்தில் சிரமம், எந்த நேரத்து வண்டி ஆளில்லாமல் நிற்கிறது, எங்கே நம் கடைச் சரக்கு சாலையை அடைக்கிறது என்று கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.

அவரால் முடியாததையும் தெரிந்துகொள்ளுங்கள். புதிய வழித்தடம் போட அவருக்கு அதிகாரமில்லை. அதற்குக் கிளை மேலாளர், கழகத்தின் பொது மேலாளர் என்று மனு போக வேண்டும். ஆனால் அந்த மனுவில் என்ன எழுதினால் காரியம் நடக்கும் என்பதை அவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யாருமில்லை.

ஓர் எச்சரிக்கை. "என் மருமகனுக்கு வேலை வாங்கிக் கொடுங்கள், என் தம்பிக்கு இடமாற்றம் வாங்கிக் கொடுங்கள்" என்று அவரிடம் போய் நிற்காதீர்கள். பரிசுப் பொருளோடும் போகாதீர்கள். அப்படிப் போனால் அவரும் கெடுவார், நம் பெயரும் கெடும். தனியார் பேருந்துகளிலும் சிற்றுந்துகளிலும் பல இடங்களில் சங்கமே இல்லை. அங்கே ஓட்டுநரின் குறையைக் கேட்க ஆளில்லை. நம் குறையைச் சொல்லவும் ஆளில்லை. சங்கம் இருப்பதன் அருமை அங்கே போனால் தெரியும்.

சகோதரனே! அடுத்த முறை பேருந்து நிற்காமல் போனால் உன் கை கல்லைத் தேட வேண்டாம். அந்த நேரத்தில் உன் சட்டைப் பையில் ஒரு பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். இந்த வாரமே பணிமனை வாயிலுக்குப் போ. ஸலாம் சொல்லத் தெரிந்த உனக்கு வணக்கம் சொல்வது கடினமா என்ன?

சிந்திப்பீர்! செயல்படுவீர்!